கருவுற்ற பெண்ணின் குருதியும் உணவும்: பம்பாய், குன்னூர், சென்னை ஆய்வுகளின் வரலாறு (1928–1938)

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற பெண்களுக்கு ஏற்படும் கடுமையான இரத்தசோகையின் ஒரு வகைக்கு உணவுக் குறையே காரணம் என்பது 1928க்கும் 1938க்கும் இடையில் இந்தியாவில் நிகழ்ந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆங்கிலேய மருத்துவரான லூசி வில்ஸ் பம்பாய், குன்னூர், சென்னை ஆகிய ஊர்களில் மேற்கொண்ட இவ்வாய்வுகளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் கண்டறியப்படுவதற்கு வழிகோலின. அவற்றின் சமூகப் பின்புலத்தையும், சென்னை மகளிர் மருத்துவமனைகளின் பங்கையும், ஆய்வு முடிவு மாத்திரையாக மாறிய போக்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வு சுட்டிய பொருள் உலகெங்கும் பரவியது. அது சுட்டிய வறுமை உணவு என்னும் காரணம் பின்னுக்குச் சென்றது என்பதே கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பேறுகால இரத்தசோகை, லூசி வில்ஸ், கோஷா மருத்துவமனை, ஃபோலிக் அமிலம், மகப்பேற்று உதவிச் சட்டம்.

முன்னுரை

இந்தியாவில் மகப்பேற்று மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மருத்துவமனைகள் தோன்றிய ஆண்டுகள், முதல் பெண் மருத்துவர்கள், மருத்துவச்சிகளுக்கான பயிற்சித் திட்டங்கள் ஆகியவை அவ்வரலாற்றில் முதலிடம் பெறுகின்றன. கருவுற்ற பெண் என்ன உண்டாள், அவ்வுணவு அவள் உடலிலும் குழந்தையின் உடலிலும் என்ன விளைவை ஏற்படுத்தியது என்னும் வினாக்கள் அதில் சிறிய இடத்தையே பெற்றுள்ளன. அவ்வினாக்களை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு முயற்சி, தென்னிந்தியாவோடு நேரடித் தொடர்புடையதாக, ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துள்ளது. அதனை வரலாற்று நோக்கில் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1928க்கு முன் இருந்த மருத்துவ அறிவு

பேறுகாலத்தில் பெண்கள் வெளிறி, மூச்சிரைத்து, கால் வீங்கி, சிலர் மகப்பேற்றை ஒட்டி இறந்துபோவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1842இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்த வால்டர் சானிங் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1919இல் வில்லியம் ஆஸ்லர் பேறுகாலத்திலும் பேற்றுக்குப் பின்னும் தோன்றும் கடும் இரத்தசோகைகளை வகைப்படுத்தினார். எனினும் காரணம் விளங்கவில்லை. நோய்த்தொற்று என்றும், கருவுற்ற உடலில் தோன்றும் நச்சு என்றும் கருத்துகள் நிலவின.

இந்நோயாளிகள் சிலரின் குருதியை நுண்ணோக்கியில் கண்டபோது சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், இயல்பைவிடப் பெரியனவாகவும் இருந்தன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துக் காணப்படும். எனவே இது வேறு வகை என்பது தெளிவாயிற்று. ஐரோப்பாவில் முதியோரிடம் காணப்பட்ட 'பெர்னிசியஸ் அனீமியா' என்னும் கொடிய சோகையை இது ஒத்திருந்தது. 1926இல் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்பி ஆகியோர் அக்கொடிய சோகை ஈரல் உணவால் தணிவதை நிறுவினர். இதற்காக அவர்களுக்கு 1934இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியப் பெண்களிடம் காணப்பட்ட நோயும் அதுதானா, வேறொன்றா என்பதே 1928இல் ஆய்வாளர் முன் நின்ற வினா.

சென்னையில் மகளிர் மருத்துவமனைகள்

இவ்வினாவை ஆராய, கருவுற்ற பெண்கள் மருத்துவமனைக்கு வரவேண்டும். பல வாரம் தங்கவும் வேண்டும். அதற்கான களம் சென்னையில் படிப்படியாக உருவாகியிருந்தது. 1844இல் தொடங்கப்பட்ட பிரசவ மருத்துவமனை 1882இல் எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது சேர்ந்த நால்வருள் மேரி ஷார்லிப் ஒருவர். வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்கு வந்த அவர், ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்த குடும்பங்களில் பெண்கள் பேற்றின்போது பட்ட துன்பத்தைக் கண்டே மருத்துவம் பயில முற்பட்டார். அவர் முயற்சியால் 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களுக்குமான மருத்துவமனை தோன்றியது. விக்டோரியா அரசியின் பெயர் தாங்கிய அம்மருத்துவமனை திருவல்லிக்கேணியில் நிலைபெற்றது. விடுதலைக்குப் பின் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறினாலும், சென்னை மக்கள் நாவில் அது இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி'யே.

பெண் மருத்துவர், பெண் செவிலியர் என்னும் ஏற்பாடு பிற மருத்துவமனைகளை நாடாத பெண்களை அங்கு வரச்செய்தது. சாதியையும் கோஷாவையும் ஏற்றுக்கொண்டே தோன்றிய ஒரு நிறுவனம், அவ்வழக்கங்களால் மறைந்திருந்த நோயை மருத்துவத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

பம்பாய்: உணவும் நோயும்

1928இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆதரவில், பேறுகால இறப்புகளைப் பற்றிய ஆய்வு பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் நடைபெற்றது. மகளிர் மருத்துவப் பணியில் மூத்தவரான மார்கரெட் பால்ஃபரின் அழைப்பை ஏற்று லூசி வில்ஸ் அதில் சேர்ந்தார். 1888இல் பிறந்த வில்ஸ், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, பின்னர் லண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் 1920இல் மருத்துவத் தகுதி பெற்றவர். ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோய்க்குறியியல் பணி புரிந்தவர்.

வில்ஸும் அவருடன் பணியாற்றிய இந்திய ஆய்வாளர்களும் நோயாளியின் குருதியோடு அவர் வீட்டு உணவையும் ஆராய்ந்தனர். பம்பாய்ப் பெண்களின் உணவு, வாழ்நிலை பற்றிய கள ஆய்வு 1930இல் வெளியாயிற்று. உணவு மிகக் குறைபட்டிருந்த ஏழை முஸ்லிம் பெண்களிடமே இந்நோய் மிகுந்திருந்தது. ஊட்டமான உணவு கிடைத்த பிரிவினரிடம் அது அரிதாக இருந்தது. நோய்க்குத் தட்பவெப்பமோ இனமோ காரணமாக இருப்பின் ஒரே நகரில் வாழும் பெண்களிடையே இத்தகைய வேறுபாட்டை விளக்க இயலாது. பால்ஃபர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைக் கொண்டு, கர்ப்பகால உணவு குழந்தையின் தொடக்கக்கால நலத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் ஆராய்ந்தார். தாயின் குருதியும் குழந்தையின் வளர்ச்சியும் ஒரே சோற்றுத்தட்டோடு பிணைந்தவை என்னும் நோக்கு இவ்வாறு உருப்பெற்றது.

குன்னூர்: விலங்குச் சோதனை

1929இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். அங்கு ராபர்ட் மெக்கரிசன் ஊட்டச்சத்து ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்றிருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து, பஞ்சாபின் கோதுமை, பால், பருப்பு, காய்கறி உணவில் வளர்ந்த எலிகளைவிடத் தென்னகத்தின் அரிசி உணவில் வளர்ந்தவை நலிந்திருந்ததைக் காட்டியவர் அவர். உணவை நோய்க்காரணமாகக் கொள்ளும் ஆய்வு மரபு அங்கு முன்பே வேரூன்றியிருந்தது.

பம்பாய்ப் பெண்களின் உணவைப் போன்ற உணவை வில்ஸ் எலிகளுக்கு அளித்தார். உயிர்ச்சத்து பி இல்லாத உணவோடு ஈஸ்ட் சேர்த்தபோது சோகை தடுக்கப்பட்டது. ஆனால் எலிகளில் பேன் வழிப் பரவும் பார்ட்டோனெல்லா என்னும் தொற்றும் சோகையை உண்டாக்கியதால் அம்முடிவு ஐயத்துக்குரியதாயிற்று. ஆகவே பின்னர் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு சோதனை மீண்டும் செய்யப்பட்டது.

சென்னையும் 'வில்ஸ் காரணி'யும்

1931இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னைக் கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். அவ்வாண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் கட்டுரை வெளியாயிற்று. மதுபான ஆலைகளின் கழிவு ஈஸ்டிலிருந்து தயாரிக்கப்பட்டு, மார்மைட் என்னும் பெயரில் கடைகளில் விற்கப்பட்ட மலிவான சாறு, பேறுகாலச் சோகையைத் தடுக்கவும் தீர்க்கவும் வல்லது என்பது அதன் சாரம்.

இதன் முக்கியத்துவம் இரண்டு. முதலாவது, நடைமுறை சார்ந்தது. ஈரல் உணவு விலை மிகுந்தது; புலால் உண்ணாத பெண்களால் ஏற்க இயலாதது. ஈஸ்ட் சாற்றுக்கு இவ்விரு தடைகளும் இல்லை. இரண்டாவது, கோட்பாடு சார்ந்தது. நன்கு தூய்மையாக்கப்பட்ட ஈரல் சாறு ஐரோப்பிய நோயாளிகளின் கொடிய சோகையைத் தீர்த்தது. ஆனால் இந்தியப் பெண்களின் சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மையாக்கப்படாத ஈரல் சாறும் ஈஸ்ட் சாறும் அதைத் தீர்த்தன. எனவே தூய்மையாக்கும்போது இழக்கப்படும் ஏதோ ஒரு தனிப்பொருளே இங்குத் தேவைப்படுகிறது. 1937–38இல் மீண்டும் பம்பாய் வந்து செய்த ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. பெயரறியப்படாத அப்பொருளை மருத்துவ உலகம் 'வில்ஸ் காரணி' என வழங்கியது. கொடிய சோகையைத் தீர்க்கும் மற்றொரு பொருளான உயிர்ச்சத்து பி12, 1948இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டும் வேறு என்பதை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இந்நோயாளிகளின் குருதி காட்டிவிட்டது.

ஆய்வகமும் சட்டமன்றமும்

இதே காலத்தில் இதே பெண்களைப் பற்றிய மற்றொரு விவாதம் சட்டமன்றத்தில் நடந்தது. 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கு உரியது என வாதிட்டார். 1929இல் பம்பாயிலும் 1934இல் சென்னை மாகாணத்திலும் மகப்பேற்று உதவிச் சட்டங்கள் நிறைவேறின. ஆலையில் பணிபுரியும் பெண்ணுக்கு வேலையிழப்பின்றி ஓய்வும் உதவித்தொகையும் என்பதே அவற்றின் அடிப்படை.

ஆய்வகம் உணவைப் பேசியது. சட்டமன்றம் ஓய்வையும் வருவாயையும் பேசியது. வருவாயின்றி உணவில்லை என்பதால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. ஆயினும் சட்டம் ஆலைப் பெண்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. வீட்டுக்குள் பீடி சுற்றியவர்களும் வயலில் கூலி வேலை செய்தவர்களும் கோஷாவில் இருந்த ஏழைப் பெண்களும் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். நோய் மிகுந்திருந்த பிரிவினரைச் சட்டம் எட்டவில்லை.

கீரையிலிருந்து மாத்திரைக்கு

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள் தரும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945இல் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கிய குழுவின் ஆய்வுத் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். சென்னைப் பெண்களின் நோயில் தேடப்பட்ட பொருளைச் சென்னையில் மருத்துவம் கற்ற ஒருவரின் குழு ஆய்வகத்தில் உருவாக்கியது.

புதிய உயிரணுக்கள் தோன்றுவதற்கு மரபுப் பொருளான டிஎன்ஏ பெருக வேண்டும். அதற்கு ஃபோலேட் இன்றியமையாதது. கரு வளரும்போது அதன் தேவை மிகுவதால், முன்பே குறைந்த உணவில் வாழும் பெண்ணின் எலும்பு மஜ்ஜை பெருத்த, முதிராத அணுக்களை உண்டாக்குகிறது. கீரை, பயறு, ஈரல் ஆகியவற்றில் மிகுதியாக உள்ள ஃபோலேட், நெடுநேரம் வேகவைப்பதாலும் வேகவைத்த நீரைக் கொட்டுவதாலும் பெரிதும் இழக்கப்படுகிறது.

1970இல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தில் கருவுற்ற பெண்களுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கப்பட்டது. 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வு, கருத்தரிப்புக்கு முன்பே தொடங்கி ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், முன்பு ஒரு குழந்தை இக்குறையால் பாதிக்கப்பட்ட தாய்மாரிடம், குழந்தையின் நரம்புக்குழல் குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைவதைக் காட்டியது. நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறிவதற்கு முன்பே அக்காலம் கடந்துவிடுகிறது. ஆகவே, கருவுற்றதைப் பதிவு செய்தபின் மட்டும் தரப்படும் மாத்திரை இவ்வகையில் காலந்தாழ்ந்ததாகிறது. பெண்ணின் அன்றாட உணவே முதன்மையானது என்னும் பம்பாய் ஆய்வின் முடிவு வேறொரு வழியில் மீண்டும் வலுப்பெற்றது.

முடிவுரை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 48.3 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையோர் எனக் காட்டுகிறது. நான்காம் சுற்றில் (2015–16) தமிழ்நாட்டின் அளவு 44.4 விழுக்காடு. இவ்வளவீடு எல்லா வகைச் சோகையையும் உள்ளடக்கியது. அதில் இரும்புக் குறைவின் பங்கே பெரிது. ஃபோலேட் குறைவோடு மட்டும் இதனை இணைத்துவிட இயலாது. ஆயினும் மாத்திரை வழங்கத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்தபின்னும் கருவுற்றோருள் ஏறத்தாழ பாதிப் பேர் சோகையுடன் இருப்பது, மாத்திரை மட்டுமே போதும் என்னும் எண்ணத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் வழங்கிவருகிறது. உணவையும் வருவாயையும் ஒன்றாகக் காணும் இம்முயற்சியை, 1928இல் இரு வேறு அவைகளில் பிரிந்து நின்ற விவாதங்களின் தொடர்ச்சியில் வைத்து மதிப்பிடுதல் பொருத்தமாகும்.

வில்ஸ் 1964இல் மறைந்தார். அவர் பெயரும் அவர் தேடிய பொருளின் பெயரும் மருத்துவ வரலாற்றில் நிலைபெற்றன. தம் குருதியையும் அடுக்களையையும் ஆய்வுக்குத் திறந்துவிட்ட பெண்கள் அவ்வரலாற்றில் நோயாளி எண்களாக மட்டுமே உள்ளனர். தமிழக மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகள், மருத்துவச்சிகளின் வாய்மொழி வழக்காறுகள், பிள்ளைபெற்றவளுக்கு விலக்கியும் விதித்தும் வழங்கிய உணவுப் பத்தியங்கள் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்தால், அப்பெண்கள் என்ன உண்டனர், எதை உண்ண இயலாதிருந்தனர் என்னும் வரலாற்றை எழுத முடியும். தமிழ் ஆய்வுலகம் மேற்கொள்ளத்தக்க பணி இது.