இரண்டு சூரியோதயம்

இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது சுலபம். போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் தகராறு. அது விமானத்தை மட்டுமா பொறுத்தது? காற்றைப் பொறுத்தது, யுத்த காலமானால் எதிரியையும் பொறுத்தது.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அத்துடன் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே இருந்த ஆகாய வழி அறுந்துபோயிற்று. அறுந்ததை முடிச்சுப் போட ஒரே ஒரு மார்க்கம்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து இந்து மகாசமுத்திரத்தின் மேல் ஒரே மூச்சில் பறந்து இலங்கையை அடைவது! தூரம் சுமார் 5600 கிலோமீட்டர்.

1943 ஜூலையில் குவாண்டாஸ் கம்பெனியார் இதைத் தொடங்கினார்கள். கேட்டலினா என்ற நீர் விமானம் பெர்த்தில் சுவான் ஆற்றிலிருந்து எழும்பி, காலி நகருக்கு அருகே கொக்கல ஏரியில் வந்து இறங்கும். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். அவசரப்பட்டால் பெட்ரோல் தீர்ந்துவிடும். ஆகவே நிதானமாகப் போனவரே ஊர் போய்ச் சேர்ந்தார். காற்று தயவு வைத்தால் 28 மணி நேரம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் 32 மணியும் ஆகும்.

விமானத்தின் வயிறெல்லாம் பெட்ரோல். மிச்சமிருந்த இடத்தில் மூன்று பிரயாணிகளும் 69 கிலோ தபாலும்! நம்மில் ஒருவர் காசிக்குப் புறப்பட்டால் கட்டும் மூட்டை அதைவிடக் கனமாக இருக்கும். ஆனால் யுத்தகளத்திலிருக்கும் பிள்ளையின் கடிதத்துக்காகக் காத்திருந்த தாய்க்கு அந்த 69 கிலோவின் மதிப்பு வேறு அல்லவா?

ஜப்பானியர் நடமாடும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எதிரி இடத்தைக் கண்டுகொள்வான். வழி கேட்க நட்சத்திரங்களைத் தவிர வேறு துணை இல்லை. விமானங்கள் ஐந்துக்கும் நட்சத்திரங்களின் பெயரையே சூட்டியிருந்தார்கள். மேகம் மூடிவிட்டால் மாலுமியின் பாடு என்னவாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஒரே பிரயாணத்தில் இரண்டு முறை சூரியோதயம் பார்த்தவர்களுக்கு, 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்க'த்தின் அங்கத்தினர் என்று ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார்கள். அறுநூறு பேருக்கு மேல் இப்படிப் பறந்தார்கள்.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேர் விமானம் விட்டார்கள். சுமார் 14,500 கிலோமீட்டர்; பதினேழு மணி சொச்சம். பிரயாணி சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் லண்டன். தூக்கம் வரவில்லை என்பதுதான் அவருக்கு இருக்கக்கூடிய பெரிய குறை.

கேட்டலினாக்களின் கதை 1945 ஜூலையில் முடிந்தது. போகவும் வரவுமாக மொத்தம் 271 முறை கடலைக் கடந்திருந்தன; ஒன்றுகூட விழவில்லை. ஆனால் அவை அமெரிக்கா கடனாகத் தந்த விமானங்கள். யுத்தம் முடிந்ததும் ஒப்பந்தப்படி அழித்துவிட வேண்டியிருந்தது. அப்படியே ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.