அமால்பிக் கரை: கடல்வழியும் மலைவழியும்

தென் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் சொரெண்டோ தீபகற்பத்தின் தென்விளிம்பு அமால்பிக் கரை எனப்படுகிறது. பொசிட்டானோ முதல் வியெட்ரி வரை அக்கரையில் அமைந்த சிற்றூர்களைக் காலையில் சென்று பார்த்து மாலையில் திரும்ப எண்ணும் பயணி, மலைச்சரிவைக் குடைந்து போட்ட சாலையில் பேருந்து ஏறுவதா, சலெர்னோ அல்லது சொரெண்டோ துறையில் படகு ஏறுவதா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். செலவையும் நேரத்தையும் கணக்கிட்டு இன்று தீர்க்கப்படும் இக்கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்திருக்கவே இயலாது; அன்று அங்கே வண்டி செல்லும் சாலையே இல்லை.

இதற்குக் காரணம் நில அமைப்பு. தீபகற்பத்தின் முதுகெலும்பாக 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் லத்தாரி மலைத்தொடர், தெற்கே சமவெளி எதையும் விட்டுவைக்காமல் நேராகக் கடலில் இறங்குகிறது. ஓடைகள் அறுத்த பள்ளத்தாக்குகள் கடலைத் தொடும் இடங்களில் மட்டுமே ஊர் அமைக்க இடம் கிடைத்தது. அடுத்த ஊருக்குச் செல்லப் படிக்கட்டுகளும் கோவேறு கழுதைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளுமே இருந்தன. பாரம் எதுவாயினும் கடல்வழியேதான் சென்றது. மையோரி, மினோரி ஊர்களின் அடுக்குத் தோட்டங்களில் விளைந்த எலுமிச்சையை, ஐம்பது கிலோவை ஒட்டிய எடையுள்ள கூடைகளில் சுமந்து நூற்றுக்கணக்கான படிகள் இறங்கிக் கரையில் காத்திருக்கும் படகுகளில் சேர்த்தவர்கள் பெண்களே. வரிசையாக இறங்கும் அவர்களை ‘ஃபோர்மிகெல்லே’, அதாவது சிற்றெறும்புகள், என்று ஊரார் அழைத்தனர். அக்கரையின் வணிக வரலாற்றை எழுதுவோர் மாலுமிகளுக்குத் தரும் இடத்தில் பாதியையேனும் இப்பெண்களுக்குத் தருவதில்லை.

நிலவழியின் இந்த வறுமையே அமால்பியைக் கடல் வல்லரசாக்கியது எனலாம். 9ஆம் நூற்றாண்டில் தன்னாட்சி பெற்ற அச்சிறு நகரம், வெனிஸ், பீசா, ஜெனோவா ஆகியவற்றோடு சேர்த்துக் கடல்சார் குடியரசுகளுள் ஒன்றாக எண்ணப்படும் அளவுக்கு வளர்ந்தது. அதன் வணிகர்கள் கான்ஸ்டான்டினோபிளிலும் எகிப்திலும் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். 11ஆம் நூற்றாண்டில் எருசலேமில் யாத்திரிகர்களுக்கு விடுதி ஒன்றையும் நிறுவினர். நகரின் பேராலயத்துக்குரிய வெண்கலக் கதவுகள் அந்நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கியவை. நார்மானியரின் ஆதிக்கமும், 1135இலும் 1137இலும் பீசா நடத்திய கொள்ளையும் அந்த வலிமையைக் குலைத்தன. 1343 நவம்பரில் எழுந்த பெரும் கடற்சீற்றம் துறைமுகத்தையும் கரையோரக் கட்டடங்களையும் விழுங்கியது. அன்று நேப்பிள்ஸில் இருந்த கவிஞர் பெட்ரார்க் அந்தச் சீற்றத்தைத் தம் கடிதமொன்றில் விவரித்துள்ளார். மரக்கலங்கள் கட்டப்பட்ட கூடத்தின் எஞ்சிய வளைவுகள் இன்றும் அமால்பியில் நிற்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நேப்பிள்ஸ் நாட்டை ஆண்ட போர்போன் மரபின் மன்னர் இரண்டாம் பெர்டினாண்டின் காலத்தில், வியெட்ரியிலிருந்து அமால்பி வரை வண்டிச்சாலை அமைந்தது. மேற்கே பொசிட்டானோவைச் சாலை எட்டியது அதற்கும் பிறகே. மலைமேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ள ரவெல்லோவுக்கு 1880இல் இசையமைப்பாளர் வாக்னர் கழுதை மீதேறியே சென்றார் என்பது, கரைச்சாலை வந்த பின்பும் மேலூர்கள் பழைய நிலையிலேயே இருந்ததைக் காட்டும். அரசுச் சாலை 163 என்று இன்று எண்ணிடப்பட்டுள்ள அப்பாதை குதிரை வண்டிக்கு அளந்து போடப்பட்டது. அகலப்படுத்த ஒருபுறம் பாறையும் மறுபுறம் பாதாளமும் இடம் தராததால், 20ஆம் நூற்றாண்டின் பேருந்தும் அதே அகலத்தில் ஓட வேண்டியதாயிற்று.

இத்தாலியில் வண்டிகள் வலப்புறம் செல்வதால், சொரெண்டோவிலிருந்து கிழக்கே வரும் பேருந்து கடலோரத்தையும், எதிர்த்திசையில் செல்வது மலையோரத்தையும் ஒட்டி ஓடுகிறது. குருட்டு வளைவு ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் நீளமாக ஒலி எழுப்பி, சுவரில் பதித்த குவிகண்ணாடியில் எதிரே வருவதைப் பார்த்த பின்பே திரும்புகிறார். இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்துவிட்டால், ஒன்று அகலமான இடம் வரை பின்வாங்கும் வரையில் பின்னால் வந்தவை அனைத்தும் நிற்கின்றன. 1953இல் எழுத்தாளர் ஸ்டெய்ன்பெக் பொசிட்டானோவைப் பற்றி எழுதிய கட்டுரை அமெரிக்கப் பயணிகளை அவ்வூரின் பக்கம் திருப்பியது. 1997இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அக்கரையைச் சேர்த்தது. புகழ் பெருகிய அளவுக்குச் சாலை பெருகவில்லை. இறுதியில், கூட்டம் மிகுந்த நாள்களில் வாகனப் பதிவெண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைக் கொண்டு அனுமதிக்கும் முறை 2022இல் நடைமுறைக்கு வந்தது.

பயணிகள் மீண்டும் கடலை நாடுவதன் பின்னணி இதுவே. சலெர்னோவிலிருந்து அமால்பிக்குப் படகில் ஏறத்தாழ 35 நிமிடம். அதே தொலைவுக்குப் பேருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும். ஊர்கள் கடலைப் பார்த்தே கட்டப்பட்டவை ஆதலால், அவற்றின் முழு அமைப்பும் படகிலிருந்துதான் ஒருசேரத் தெரிகிறது. ஆயினும் கடல் முழுமையான மாற்று அன்று. தெற்கு நோக்கிய அக்கரையில் தென்மேற்குக் காற்று எழுந்தால் பொசிட்டானோவின் சிறு துறையில் படகு அணைய முடியாது. ரவெல்லோவைப் படகு எட்டவே எட்டாது. மலையும் நம்பத்தக்கதன்று: 1954 அக்டோபர் பெருவெள்ளத்தில் சலெர்னோ, வியெட்ரி, மையோரி பகுதிகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், 2021 பிப்ரவரியில் அமால்பியில் சரிந்த பாறை சாலையை வாரக்கணக்கில் அடைத்தது. எனவே கோடையில் ஒரே நாளில் வந்து திரும்புவோருக்குக் கரையூர்களுக்குப் படகும், ரவெல்லோவுக்கு மட்டும் அமால்பியிலிருந்து பேருந்தும் என்று பிரித்துக்கொள்வதே தக்கது. பயணிகள் படகுகள் பெரும்பாலும் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தோடு நின்றுவிடுவதால், குளிர்காலத்தில் வருவோருக்கு அந்தக் குறுகிய சாலையைத் தவிர வேறு வழியில்லை.