தூசியும் தீயும்: கீரிமலைச் சுண்ணாம்புக்கல்லை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கீரிமலைக் கேணிக்கு ஊற்றுநீரைத் தரும் சுண்ணாம்புக்கற் படுகையே, 1950 ஆம் ஆண்டு தொடக்கம் 1990 இல் போர்ச்சூழலில் மூடப்படும்வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளையும் வழங்கிற்று. அக்கல்லை உடைத்து அரைக்கையில் எழும் தூசி தொழிலாளியின் சுவாசப்பைக்குத் தீங்கானது. எனினும் அது தீப்பற்றுவதில்லை. நிலக்கரி, மா, சீனி, மரம் ஆகியவற்றின் தூசியோ வேறுவகைப்பட்டது. கட்டியாக இருக்கையில் மெல்ல எரியும் பொருள், நுண்டூளாகிக் காற்றிற் கலந்ததும் கணப்பொழுதில் எரிகின்றது. மூடிய இடமாயின் அமுக்கம் உயர்ந்து வெடிக்கின்றது. 1785 இல் தூரின் நகரிலே மா வெடித்தமை பற்றிய பதிவு உண்டு. ஆயினும் இவ்வுண்மை தொழிலாளரின் பாதுகாப்பாக மாறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அத்தாமதத்தை அறிவியலின் போதாமையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

1844 செப்டெம்பர் 28 ஆந் திகதி இங்கிலாந்தின் ஹஸ்வெல் சுரங்கத்தில் 95 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு வெளிவந்த தமது நூலில் ஏங்கெல்ஸ் சுட்டும் விபத்துகளுள் இதுவும் ஒன்று. தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர் றொபேட்ஸின் வேண்டுகோளையடுத்து, மைக்கேல் பரடேயையும் சாள்ஸ் லையலையும் அரசு அனுப்பிற்று. (சுரங்கத்தினுள்ளே வெடிமருந்துப் பையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பரடே வினவியபோது, அவர் அமர்ந்திருப்பதே அப்பையின் மீதுதான் என விடை வந்ததாம். லையல் கூறும் இக்கதை அக்காலச் சுரங்கப் பாதுகாப்புப் பற்றி நீண்ட அறிக்கையொன்றைவிடக் கூடுதலாக உணர்த்துகின்றது.) எரிந்தது சுரங்கவாயு மாத்திரமன்று, காற்றலையால் கிளம்பிய நிலக்கரித் தூசியுமே என அவர்களது அறிக்கை தெளிவாகக் கூறிற்று. ஆனால் அது உடைமையாளரைக் குற்றஞ்சாட்டவில்லை. விபத்து மரணமென்பதே யூரர் தீர்ப்பு. வாயுவைக் குழாய்வழி வெளியேற்றும் அவர்களது யோசனையையும் சுரங்க உடைமையாளர் ஏற்கவில்லை. தூசி பற்றிய கூற்றோ பல தசாப்தங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1906 இல் பிரான்சின் கூறியேர் சுரங்கத்தில் 1,099 உயிர்கள் பலியான பின்னரே அது பொதுவாக ஏற்கப்பட்டது.

மாற்றுமருந்தாக வந்தது கற்றூள். 1886 இல் யோக்சயரின் அல்ற்றொவ்ற்ஸ் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்தபோது, கற்றூள் படிந்திருந்த பாதைகளில் தீச்சுவாலை பரவவில்லை என்பதை காஃபோத் அவதானித்தார். 1908 முதல் பரிசோதனைகளாலும் நிறுவினார். வெடிப்பின் முன்னலை இருவகைத் தூசியையும் ஒருங்கே கிளப்புகின்றது. எரியாத தூசி வெப்பத்தை உறிஞ்சிச் சுவாலையைத் தணிக்கின்றது. இதற்குப் பெரிதும் பயன்படுவது சுண்ணாம்புக்கல். கீரிமலையில் மண்ணை அகழ்ந்தால் வெளிப்படும் அதே இனக் கல்! இத்துணை மலிவான பொருளைத் தூவுவதற்கும் சட்டத்தின் கட்டாயம் வேண்டியிருந்தது. பிரித்தானியாவில் அது வந்தது 1920 இல். இந்தியாவிலோ 1957 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் நடைமுறையில் இருந்தபோதே, 1965 மே 28 இல் பீகாரின் தோரிச் சுரங்கத்தில் 268 பேர் பலியாயினர். தொழிலாளரின் உயிரை விலையாக்கி மாறா மூலதனத்தைச் சிக்கனப்படுத்துதல் பற்றி ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் எழுதுகையில், நிலக்கரிச் சுரங்கங்களையே எடுத்துக்காட்டாகக் கொள்வது தற்செயலன்று.

உணவுத் தொழிற்சாலையில் கற்றூளைத் தூவ இயலாது. ஆகவே அங்கு தூசியை உறிஞ்சி அகற்றுதலே முதல்வழி. ஆனால், உறிஞ்சு குழாய்களிலும் வடிபைகளிலும் தூசி செறிவதால், அகற்றும் பொறியே வெடிகலமாகவும் மாறலாம். அதனைக் கட்டடத்துக்கு வெளியே நிறுவுதல், அமுக்கத்தைத் திறந்தவெளிக்கு விடும் வெடிப்புப் போக்கிகளைப் பொருத்துதல், சுவாலை குழாய்வழி திரும்பிவராது தடுக்கும் அடைப்பிதழ்களை அமைத்தல், நிலைமின்னேற்றம் தேங்காது உலோகப் பகுதிகளைப் புவித்தொடுப்புச் செய்தல் என்பன எல்லாம் அறியப்பட்டவை, எல்லாமே செலவுடையவை. வளைகளிலே படிந்த தூசியை நாள்தோறும் துடைப்பதும் அவ்வாறே. சிறிய முதல் வெடிப்பு அப்படிவை உலுக்கி வீழ்த்த, பேரழிவைத் தரும் இரண்டாவது வெடிப்பு தொடர்கின்றது. மில்லிமீற்றரிலும் குறைந்த படிவே இதற்குப் போதுமானது.

அமெரிக்காவின் போட் வென்ற்வேத் சீனி ஆலையில், சீனியில் அழுக்குப் படாதிருக்கும் பொருட்டு 2007 இல் கடத்துபட்டியை உருக்குத் தகடுகளால் மூடினர். தூசியை உறிஞ்சும் வசதியோ வெடிப்புப் போக்கியோ அங்கு வைக்கப்படவில்லை. சீனி தூய்மையாகவே இருந்தது. 2008 பெப்ரவரி 7 ஆந் திகதி அக்கூட்டினுள்ளே தொடங்கிய வெடிப்பில் 14 தொழிலாளர் மாண்டனர்.