நள்ளிரவு ஓட்டு

நாடே தூங்குகிற நேரத்தில் ஓட்டுப் போடுகிற ஊர் தெரியுமா? அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டிக்ஸ்வில் நாட்ச்! 1960-லிருந்து, அதிபர் தேர்தலன்று மணி பன்னிரண்டு அடித்ததும் வாக்குப்பதிவு, சில நிமிஷத்தில் ரிசல்ட். பட்டியலில் உள்ள எல்லோரும் போட்டுவிட்டால் உடனே சாவடியை மூடலாம் என்கிறது மாநிலச் சட்டம். ஒருத்தர் வராவிட்டாலும் போச்சு! அதனால்தான் அங்கே நூறு சதவிகிதம்.

முதல் தடவை நிக்ஸனுக்கு 9, கென்னடிக்கு முட்டை. நாட்டில் ஜெயித்ததென்னவோ கென்னடி! 1972 முதல் 2004 வரை குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த ஊர், 2008-ல் ஒபாமாவுக்கு 15, மெக்கெய்னுக்கு 6 என்று புரண்டது.

2024-ல் மொத்தமே ஆறு ஓட்டு. கமலா ஹாரிஸ் 3, டிரம்ப் 3. அந்த ஆறு பேரில் நான்கு பேர் குடியரசுக் கட்சிக்காரர்களாகப் பதிவு செய்தவர்கள். அப்படியானால் ஒருத்தராவது மாற்றிப் போட்டிருக்கணுமே, யார் அது? ஆறே பேர் என்றாலும் ஓட்டு ரகசியம்தான் சார்!