தீயை ஆளும் அறிவு

தீ அனைத்தையும் தூய்மையாக்கும் என்று நெடுங்காலமாக நமக்குச் சொல்லி வந்தனர். தீ தானாகத் தூய்மை தருவதில்லை. தீயை ஆளும் அறிவே தருகிறது! குப்பையை எரித்த வரலாறே நமக்குச் சான்று.

1874இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ஆல்பிரட் ஃபிரையர் வகுத்த எரியுலை எழுந்தது. 1892இல் ஜெர்மனியின் ஆம்பர்க் நகரைக் காலரா கவ்வியது. எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரத்துக் குப்பையை எருவாகப் பெற்றுவந்த உழவர்கள் அஞ்சி மறுத்தனர். குவிந்தது குப்பை! மந்திரமா அதைக் கரைத்தது? இங்கிலாந்தின் முறையைக் கற்று, 1896இல் ஆம்பர்க் எரியாலையை இயக்கிற்று.

1897இல், உழைப்பாளர் நிறைந்த இலண்டன் ஷோர்டிச்சில், குப்பையின் வெப்பம் நீராவியாயிற்று, நீராவி மின்சாரமாயிற்று. அருகிருந்த பொதுக் குளியலகத்திற்கும் நூலகத்திற்கும் வெப்பம் சென்றது. எளியோர் எறிந்த குப்பை எளியோர் படிக்கும் கூடத்தை வெதுவெதுப்பாக்கியது!

எனினும் 1977இல் நெதர்லாந்து அறிவியலாளர்கள் எரியுலைச் சாம்பலில் டையாக்சின் எனும் நஞ்சைக் கண்டனர். உலையைத் தொழுதிருந்தால் நஞ்சு புலப்பட்டிராது, ஆய்ந்ததால் புலப்பட்டது. பின்னர், எரிவளி 850 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 2 வினாடியேனும் நிற்கவேண்டும் என்று ஐரோப்பா விதி வகுத்தது. புகையை வடிகட்டும் கருவிகள் பெருகின. 2017இல் இயங்கத் தொடங்கிய கோபன்ஹேகன் எரியாலையின் கூரைமீது, 2019இல் மக்கள் சறுக்கி விளையாட மேடையே திறந்தனர்!

வியந்து மட்டும் நில்லோம். உலை எவர் குடியிருப்பின் அருகே? புகை எவர் மூச்சில்? அளந்தவர் யார்? கேட்போம். கேள்வி அணையாத நாட்டில்தான் தீ தூய்மை தரும்.