வீடு உங்களுது, பத்திரம் பேங்க் பேர்ல

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால தூசு தட்டி எடுத்தாச்சு. வரலாறுன்னாலே அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆகலாம். ஆனா "ரிடையர் ஆனதும் வெளிநாட்டுல கடலோரமா ஒரு ஃப்ளாட்"னு யாராவது கனவு வெச்சிருந்தீங்கன்னா, இருந்து படிச்சிட்டுப் போங்க.

எங்க ப்ராஜெக்ட்டோட க்ளையண்ட் சான் டியேகோவில் இருக்காங்க. அதுல ஒருத்தருக்கு அறுபது நெருங்குது. எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்ஸிகோவோட ரொஸாரிட்டோ பீச்ல ஒரு காண்டோ வாங்கப் பார்க்கறார். மொதல்ல லீவுக்குப் போய் வர்றதுக்கு, அப்புறம் பென்ஷனோட அங்கேயே செட்டில் ஆகறதுக்கு. கலிஃபோர்னியா கடற்கரையில வீடு விக்கற விலைக்கு இது ரொம்ப சல்லிசு, பிள்ளைகளைப் பார்க்கணும்னா காரை எடுத்தா போதும். எல்லாம் சரி, ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு ஜீரணம் ஆகல. "முழுப் பணமும் என்னுது. பத்திரத்துல மட்டும் ஏன் மெக்ஸிகோ பேங்க் பேர்?"

நியாயமான கேள்விதானே? தேடிப் பார்த்தா, பதில் போய் நின்ன இடம் 1824!

இப்ப என்ன சட்டம்?

மெக்ஸிகோ அரசியல் சட்டத்தோட 27-வது பிரிவு சொல்றது இது: நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ள, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ள இருக்கற நிலத்துக்கு, எந்தக் காரணத்தைக் கொண்டும் வெளிநாட்டுக்காரர் நேரடி உரிமையாளர் ஆக முடியாது. இந்தப் பட்டைக்கு அங்கே தடைப் பகுதின்னு பேர். ரொஸாரிட்டோவுக்கு எல்லையும் பக்கம், கடலும் பக்கம். ரெண்டு பக்கமும் மாட்டுது.

அதனால வீட்டை ஒரு மெக்ஸிகோ வங்கி பேர்ல ஒரு டிரஸ்ட்டா எழுதறாங்க. அதுக்குப் பேர் ஃபிதேகொமீஸோ. பத்திரம் வங்கி பேர்ல, அனுபவிக்கற உரிமை வாங்கினவருக்கு. அவர் அதுல குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம், இடிச்சுக் கட்டலாம், வித்துட்டுப் போகலாம், தனக்கப்புறம் யாருக்குன்னு அதிலேயே எழுதி வைக்கலாம். நாளைக்கு வங்கி திவாலானாலும் அது வங்கியோட சொத்துல சேராது. 50 வருஷம், அதுக்கப்புறம் புதுப்பிச்சுக்கலாம். வருஷா வருஷம் வங்கிக்கு ஒரு கட்டணம் அழணும்.

நடைமுறையில பெரிய நஷ்டம் எதுவும் இல்ல. அப்புறம் எதுக்கு இந்தச் சுத்து வழி?

நம்ம தொழில்ல பழைய கோடைப் பார்த்தா இந்த மாதிரி வரிகள் வரும். ஒண்ணுத்துக்கும் உதவாத மாதிரி ஒரு கண்டிஷன் இருக்கும். "எவன்டா இதை எழுதினான்"னு தூக்கிப் போட்டா மறுநாள் ப்ரொடக்ஷன் படுத்துடும். அந்த வரி என்னைக்கோ வந்த ஒரு பெரிய பக்-க்காக எழுதினதா இருக்கும். இந்தச் சட்டமும் அப்படித்தான். அந்த பக்கோட பேர் டெக்ஸாஸ்.

கூப்பிட்டு வெச்ச விருந்தாளிகள்

1821-ல ஸ்பெயின்கிட்டேருந்து மெக்ஸிகோ விடுதலை வாங்கினப்ப, டெக்ஸாஸ் அதோட வடக்கு ஓரத்துல ஆள் அரவமில்லாத மாகாணம். (அங்கே காலங்காலமா இருந்த செவ்விந்தியர்களை யாரும் 'ஆள்' கணக்குல சேர்க்கல, அது தனி சோகம்.) குடியேற ஆள் வேணும்னு அமெரிக்கர்களையே கூப்பிட்டாங்க. ஸ்டீஃபன் ஆஸ்டின்ங்கறவர் முதல்ல 300 குடும்பங்களைக் கூட்டிட்டு வந்தார். இன்னைக்கு டெக்ஸாஸோட தலைநகரத்துக்கு அவர் பேர்தான். ஏக்கர் கணக்குல நிலம், கொசுறு விலையில. பதிலுக்கு மெக்ஸிகோ குடிமகனா மாறணும், கத்தோலிக்கரா இருக்கணும்.

அப்பவே மெக்ஸிகோவுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கு. 1824 ஆகஸ்ட்ல வந்த குடியேற்றச் சட்டத்தோட 4-வது பிரிவைப் பாருங்க: வெளிநாட்டு எல்லையிலிருந்து 20 லீக், கடற்கரையிலிருந்து 10 லீக் தூரத்துக்குள்ள, மத்திய அரசோட முன் அனுமதி இல்லாம குடியேற்றம் கூடாது. அந்தக் கால ஸ்பானிய லீக் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கணக்குப் போட்டா சுமார் 84 கி.மீ., 42 கி.மீ. இப்போ இருக்கற 100, 50-ஐப் பாருங்க. எல்லைக்கு ஒரு பங்குன்னா கடலுக்கு அதுல பாதி. அதே கோடு!

ஆனா அந்த வரியில "அனுமதி இல்லாம"ன்னு ஒரு ஓட்டை இருந்துச்சு. அனுமதி வாங்கியும் வந்தாங்க, வாங்காமலும் வந்தாங்க. 1828-ல நிலைமையைப் பார்த்துட்டு வர மியேர் இ தெரான்னு ஒரு ராணுவ அதிகாரியை அனுப்பினாங்க. அவர் பார்த்தது, பல இடங்கள்ல மெக்ஸிகோக்காரங்களைவிட அமெரிக்கர்கள் பல மடங்கு அதிகம். இப்படியே விட்டா டெக்ஸாஸ் கையை விட்டுப் போகும்னு மேலிடத்துக்கு எழுதினார். 1829-ல மெக்ஸிகோ அடிமை முறையை ஒழிச்சுது. அடிமைகளை வெச்சுப் பருத்தி போட்ட டெக்ஸாஸ்காரங்க சண்டை போட்டு விலக்கு வாங்கினாங்க. 1830 ஏப்ரல்ல அமெரிக்காவிலிருந்து குடியேற்றத்துக்கே தடை வந்துச்சு. ஆனா கேட்டை மூடும்போது பாதிப் பேர் உள்ளே வந்தாச்சு. 1832-ல தெரான் மனசு உடைஞ்சு, தன் வாள் மேலயே பாய்ஞ்சு செத்துப்போனார்.

அதுக்கப்புறம் வேகமா நடந்துச்சு. 1836-ல டெக்ஸாஸ் தனி நாடு. 1845-ல அமெரிக்காவோட சேர்ந்தாச்சு. 1846-ல போர். 1847-ல அமெரிக்கப் படை மெக்ஸிகோ சிட்டிக்குள்ளேயே நுழைஞ்சுது. 1848 பிப்ரவரி 2, குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம். ஒன்றரைக் கோடி டாலரைக் கையில கொடுத்துட்டு, கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிஸோனா, நியூ மெக்ஸிகோன்னு அமெரிக்கா வாரிக்கிச்சு. டெக்ஸாஸையும் சேர்த்தா, மெக்ஸிகோ இழந்தது தன் நிலத்துல பாதிக்கும் மேல. கலிஃபோர்னியாவுல தங்கம் கிடைச்சது அதே வருஷம் ஜனவரி 24. கையெழுத்துக்கு ஒன்பது நாள் முன்னாடி! கையெழுத்துப் போட்டவங்களுக்கு அது தெரியாது.

இன்னொண்ணும் கவனிங்க. நம்ம க்ளையண்ட் இப்போ குடியிருக்கற சான் டியேகோவும் 1848 வரைக்கும் மெக்ஸிகோதான்.

அங்கே நிலம் வெச்சிருந்த மெக்ஸிகோக்காரங்க கதி? அவங்க சொத்துக்கு மரியாதை உண்டுன்னு ஒப்பந்தம் சொல்லுச்சு. ஆனா பழைய நிலக் கொடைகளுக்குப் பாதுகாப்பு தந்த 10-வது பிரிவை அமெரிக்க செனட் அடிச்சுத் தூக்கிருச்சு. 1851-ல ஒரு சட்டம் போட்டு, "உன் நிலம்தான்னு நீயே நிரூபி"ன்னாங்க. தாய்ப்பத்திரத்தை எடுத்துக்கிட்டுப் புரியாத மொழியில வருஷக்கணக்கா கேஸ் நடத்தி, ஜெயிச்சவங்களும் வக்கீல் ஃபீஸுக்கே நிலத்தை வித்தாங்க.

ஆக, பத்திரத்துல யார் பேர்ங்கற கேள்வியை இந்தக் கதையில முதல்ல கேட்டது அமெரிக்கா.

1917

அடி வாங்கின நாடு பாடம் கத்துக்கிச்சான்னா, உடனே இல்ல. 1876-லேருந்து 1911 வரைக்கும் பெரும்பாலும் போர்ஃபீரியோ தியாஸோட ஆட்சி. முதலீடு வேணும்னு வெளிநாட்டுக்காரங்களுக்குக் கதவை அகலத் திறந்துவிட்டார். ரயில், சுரங்கம், எண்ணெய், நிலம் எல்லாத்திலேயும் அவங்கதான். ரொஸாரிட்டோ இருக்கற அதே பாஹா கலிஃபோர்னியாவுல, மெக்ஸிகாலி பள்ளத்தாக்குல மட்டும் எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல ஒரே கம்பெனிகிட்ட இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி இருந்தவங்க லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையோட ஓட்டிஸ், சாண்ட்லர் வகையறா. எல்லைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டே இந்தப் பக்கம் ஜமீன்!

1910-ல புரட்சி வெடிச்சுது. 1917 பிப்ரவரி 5, புது அரசியல் சட்டம். 27-வது பிரிவுல அந்தப் பழைய கோடு திரும்ப வந்துச்சு. ஆனா இந்தத் தடவை "அனுமதி இல்லாம"ங்கற வார்த்தை காணோம். அந்த இடத்துல "எந்தக் காரணத்தைக் கொண்டும்". ஓட்டையை அடைச்சாச்சு.

அதோட இன்னொரு பூட்டும் போட்டாங்க. தடைப் பகுதிக்கு வெளியே ஒரு வெளிநாட்டுக்காரர் நிலம் வாங்கலாம். ஆனா அந்தச் சொத்து விஷயத்துல தன்னை மெக்ஸிகோ குடிமகன் மாதிரியே பாவிக்கணும், தன் நாட்டு அரசாங்கத்தைத் துணைக்குக் கூப்பிடமாட்டேன்னு எழுதிக் கொடுக்கணும். மீறினா சொத்து போயிடும். பின்ன, தன் ஆளுங்களைக் காப்பாத்தறேன்னுதானே அந்தக் காலத்துல வல்லரசுகள் கப்பலைக் கொண்டு வந்து நிறுத்தும்?

1937-ல மெக்ஸிகாலியில விவசாயிகளே கிளம்பிப் போய் அந்தக் கம்பெனி நிலத்துல இறங்கினாங்க. லாசரோ கார்தெனாஸ் அரசு அதை எடுத்து, எஜிதோன்னு சொல்ற ஊர்ப் பொது நிலமாப் பிரிச்சுக் கொடுத்துச்சு. இந்த எஜிதோங்கற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கங்க, கீழே வரும்.

பின்வாசல்

அப்புறம் டூரிஸம். 1970-கள்ல அரசே கான்கூன்ல ஊரைப் புதுசா உருவாக்க ஆரம்பிச்சுது. டாலர் வேணும், ஆனா அரசியல் சட்டத்துல கை வைக்கற தைரியம் எந்த அரசியல்வாதிக்கும் இல்ல. 1971-ல அதிபர் எச்செவெரியா ஒரு வழி கண்டுபிடிச்சார். தடை "நேரடி உரிமை"க்குத்தானே? உரிமை வங்கிகிட்ட இருக்கட்டும், அனுபவம் வெளிநாட்டுக்காரருக்கு. 1973-ல சட்டமாச்சு, 30 வருஷம்னு. 1993-ல 50 ஆச்சு. இதுதான் நம்மாளு பத்திரத்துல வர்ற அந்த வங்கி!

2013 ஏப்ரல்ல, குடியிருக்கற வீட்டுக்கு மட்டுமாவது நேரடி உரிமை கொடுக்கலாம்னு மெக்ஸிகோ கீழவை தீர்மானம் நிறைவேத்துச்சு. செனட்ல கிடப்புல போட்டாங்க. போனது போனதுதான்.

அப்போ டிரஸ்ட் இருந்தா பயமில்லையா?

இங்கதான் ரிடையர்மெண்ட் கனவு காணறவங்க கவனிக்கணும். என்ஸெனாதா பக்கத்துல புந்தா பாந்தான்னு ஒரு அழகான மணல் திட்டு. அங்கே அமெரிக்க முதியவங்க நிறைய பேர், எஜிதோ நிலம்னு நம்பி, நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டிக் குடியிருந்தாங்க. ஆனா அந்த நிலத்துக்கு வேற தனியார் சொந்தக்காரங்க இருந்தாங்க. கேஸ் மெக்ஸிகோ சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் அவங்க பக்கம் தீர்ப்பாச்சு. 2000 அக்டோபர்ல போலீஸோட வந்து வீடுகளைக் காலி பண்ண வெச்சாங்க. சேமிப்பு முழுக்கப் போட்ட வீட்டை விட்டு எழுபது வயசுல தட்டுமுட்டுச் சாமானோட வெளியே வர்றதை நினைச்சுப் பாருங்க. அவங்களை வீழ்த்தினது 27-வது பிரிவு இல்ல. நம்மூர் பாஷையில சொன்னா, வில்லங்கம் பார்க்காதது.

அடுத்தது, கட்டாத காண்டோ. 2006 கடைசியில டிஹுவானா பக்கத்துல, டிரம்ப் பேரைப் போட்டு மூணு டவர் வரப்போகுதுன்னு வித்தாங்க. முதல் நாள் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல புக்கிங். 2009-ல திட்டமே படுத்துருச்சு. வாங்கினவங்க கட்டின முன்பணம் சுமார் 3.2 கோடி டாலர் போயே போச்சு. டிரம்ப் தரப்பு பேரை மட்டும்தான் வாடகைக்குக் கொடுத்திருந்தோம்னு சொல்லுச்சு. கேஸ் நடந்து 2013-ல சமரசம் ஆச்சு. வங்கி, டிரஸ்ட் எல்லாம் வர்றதுக்குக் கட்டடம்னு ஒண்ணு வேணுமே :-)

சொத்தைத் தாண்டியும் கணக்கு இருக்கு. அமெரிக்காவோட மெடிகேர் மருத்துவக் காப்பீடு பொதுவா மெக்ஸிகோவுல செல்லாது. வாடகை ஏறினா உள்ளூர்க்காரங்களுக்குக் கோபம் வரும். 2025 ஜூலை 4-ஆம் தேதி மெக்ஸிகோ சிட்டியில, வெளிநாட்டுக்காரங்க குவிஞ்ச கொந்தேஸா, ரோமா பகுதிகள்ல ஊர்வலம் போய் கண்ணாடியெல்லாம் உடைஞ்சுது. தேதியைக் கவனிச்சீங்களா? அமெரிக்க சுதந்திர தினம். சும்மா அமைஞ்சதுன்னு எனக்குத் தோணல.

"என்னய்யா சட்டம் இது"ன்னு நாம சிரிக்கவும் முடியாது. இந்தியக் குடியுரிமையை விட்டுட்டு ஓசிஐ கார்டு வெச்சிருக்கற நம்மாளு ஊர்ல ஃப்ளாட் வாங்கலாம். தாத்தா உழுத வயலுக்குப் பக்கத்து வயலை வாங்க முடியாது. நிலம்னு வந்துட்டா எல்லா நாட்டுக்கும் ஏதோ ஒரு பழைய பயம் இருக்கு. சில பயம் நியாயமானது, சிலது பழகிப்போனது. மெக்ஸிகோவோட பயத்துக்கு டெக்ஸாஸ்னு ஆதாரம் இருக்கு.

இதையெல்லாம் சுருக்கி க்ளையண்ட்டுக்கு ஒரு மெயில் தட்டினேன். "காண்டோவுக்கு முன்னாடி அந்த நிலம் யார்கிட்ட இருந்துச்சுன்னு விசாரிக்கறேன்"னு ஒரு வரி பதில் வந்துச்சு. எஜிதோவா இருந்து மாறின நிலமா, 1992-க்கு அப்புறம் முறையாத் தனியார் சொத்தா மாத்தினாங்களான்னு ஒரு நல்ல நொத்தாரியோகிட்ட பார்க்கச் சொல்லியிருக்கேன். (அங்கே நொத்தாரியோன்னா நம்ம ஊர் நோட்டரி மாதிரி ஸ்டாம்ப் குத்தறவர் இல்ல. அரசு நியமிச்ச சீனியர் வக்கீல். பத்திரமே அவர்தான் எழுதணும்.) பால்கனிக்குக் கீழே இருக்கற மணலையும் மறக்க வேண்டாம்னேன். அலை ஏறற கோட்டிலிருந்து 20 மீட்டர் மத்திய அரசோட சொத்து, அது டிரஸ்ட்லயும் வராது.

1847 போர்ல அமெரிக்கப் படையிலிருந்து கட்சி மாறி மெக்ஸிகோவுக்காகச் சண்டை போட்ட ஐரிஷ்காரங்க கதை ஒண்ணு இருக்கு, சான் பத்ரீஸியோ படைன்னு. பதிவு ஏற்கெனவே அனுமார் வால் ஆயிடுச்சு, அதனால அது அடுத்த தடவை.