சமயச் சோதனைச் சட்டங்கள்

பதவி ஏற்பவர் இன்ன சமயத்தவர், அதிலும் இன்ன சபையைச் சேர்ந்தவர் என்பதைச் சடங்காலோ சத்தியத்தாலோ மெய்ப்பிக்க வேண்டும் என்று விதித்த சட்டங்கள். ஐரோப்பியக் கிறித்தவ நாடுகள் பலவற்றில் இவ்வழக்கம் இருந்தது. அதை நுணுக்கமாகச் சட்டத்தில் எழுதிவைத்து, பிறகு அவிழ்க்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது இங்கிலாந்து. நாட்டின் பாதுகாப்புக்கென்று சொல்லிக் கொண்டுவந்த இச்சட்டங்கள், வாய்க்கு வந்தபடி சத்தியம் செய்யத் துணிந்தவரை ஒருநாளும் தடுத்ததில்லை. பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சியவரே வெளியே நின்றார்கள்.

தோற்றம்

1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய தரப்பில் தீவிரச் சீர்திருத்தப் புராட்டஸ்டன்ட்களான பியூரிட்டன்கள் முன்னணியில் இருந்தனர். 1660இல் அவர் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பியதும் நாடாளுமன்றம் பழைய கணக்கைத் தீர்க்கத் தொடங்கியது. 1661ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டப்படி, முந்தைய ஓராண்டுக்குள் இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி திருவிருந்தில் பங்கேற்காதவர் நகர நிர்வாகப் பதவிக்கு வர முடியாது. இது பியூரிட்டன்களுக்கு வைத்த குறி. கத்தோலிக்கருக்கு வைத்த குறி 1673ஆம் ஆண்டின் சோதனைச் சட்டம்.

அரசுப் பதவியோ படைப் பதவியோ பெற்றவர் மூன்று மாதங்களுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வழிபாட்டுக்குப் பின் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் பெற வேண்டும். குருவும் கோயில் நிர்வாகியும் கையெழுத்திட்ட சான்றிதழை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர் உட்கொண்டதைக் கண்ணால் கண்டோம் என்று இரண்டு பேர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். அந்த அப்பமும் ரசமும் கிறித்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்ற கத்தோலிக்கக் கொள்கையைத் தாம் ஏற்கவில்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். மன்னரின் தம்பியும் கப்பற்படைத் தலைவருமான யார்க் கோமகன் ஜேம்ஸ் அந்த ஆண்டே பதவி விலகினார். அவர் கத்தோலிக்கர் ஆகிவிட்டது ஊருக்குத் தெரியவந்தது அப்படித்தான். 1678இல் கத்தோலிக்கக் கொள்கையை மறுக்கும் இந்த அறிவிப்பு நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் விரிந்தது. அதன்பின் ஏறத்தாழ 150 ஆண்டுகள் கத்தோலிக்கர் அங்கே அமர முடியவில்லை.

சட்டமும் சமாளிப்பும்

திருச்சபையிலிருந்து பிரிந்துபோன புராட்டஸ்டன்ட் சபையினர் பலர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆண்டுக்கொரு முறை திருச்சபைக் கோயிலில் திருவிருந்து. மற்ற ஞாயிறுகளில் தங்கள் சொந்தச் சபை. 1697இல் லண்டன் மேயராக இருந்த ஹம்ப்ரி எட்வின், பதவிக்குரிய பரிவாரத்தோடு காலையில் திருச்சபைக் கோயிலுக்கும் அடுத்துத் தம் சபைக்கும் போய்வந்தார். ஊரே கொதித்தது. இந்த வழியை அடைக்க 1711இல் ஒரு சட்டம் வந்து 1719இல் நீங்கியது. 1727 முதல், சோதனையை நிறைவேற்றத் தவறியவர்களை மன்னிக்கும் சட்டம் பெரும்பாலும் ஆண்டுதோறும் நிறைவேறியது. விதியையும் வைத்துக்கொண்டு, மீறுவதற்கான மன்னிப்பையும் வருடாவருடம் புதுப்பித்துக்கொண்ட நாடு அது.

இந்த ஏற்பாட்டின் அசல் முகத்தைப் பார்க்க லண்டன் மாநகராட்சிக்கு வரவேண்டும். ஷெரிப் என்ற நகர நிர்வாகப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் ஏற்க மறுப்பவருக்கு 600 பவுண்டு அபராதம் என்று 1748இல் அங்கே துணைவிதி போட்டார்கள். பிறகு, திருவிருந்துச் சோதனைக்கு உடன்படமாட்டார் என்று தெரிந்தே வசதியான பிரிவுச் சபையினரைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஏற்றால் சட்டமீறல், மறுத்தால் அபராதம். சில ஆண்டுகளில் 15,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணம் மேயரின் மாளிகையான மேன்ஷன் ஹவுஸின் கட்டுமானத்துக்குப் போனது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலன் எவன்ஸ் என்பவர் விடாமல் வழக்காடினார். 1767இல் பிரபுக்கள் அவை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. திருச்சபையைச் சேராதிருப்பது குற்றமல்ல என்று நீதிபதி மேன்ஸ்பீல்டு அப்போது அழுத்தமாக எடுத்துரைத்தார். மேன்ஷன் ஹவுஸ் இன்றும் மேயரின் இல்லம்தான்.

படிப்படியான தளர்வு

1828இல் ஜான் ரஸ்ஸல் பிரபுவின் முயற்சியால் திருவிருந்துச் சோதனை ஒழிந்தது. அதே ஆண்டு அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் கத்தோலிக்கரான டேனியல் ஓ’கானல் வென்றார். அவரைத் தடுத்தால் அயர்லாந்தில் கலகம் மூளும் என்று அஞ்சிய பிரதமர் வெலிங்டனின் அரசு, 1829இல் கத்தோலிக்கருக்கு அவையைத் திறந்துவிட்டது. மனம் மாறி அல்ல, வேறு வழியின்றி.

ஆனால் 1828இல் சோதனைக்குப் பதிலாக வைத்த உறுதிமொழியில் பிரபுக்கள் அவை ஒரு சொற்றொடரைச் செருகியிருந்தது: ‘ஒரு கிறித்தவனின் மெய்யான விசுவாசத்தின்பேரில்’. நாடாளுமன்றப் பிரமாணத்திலும் இத்தகைய சொற்கள் இருந்தன. கிறித்தவர்களுக்குள்ளிருந்த சுவர் இடிந்தபோது, கிறித்தவருக்கும் மற்றவருக்கும் இடையிலான சுவர் அப்படியே நின்றது. 1847இல் லண்டன் நகர வாக்காளர்கள் லயனல் டி ராத்சைல்டு என்ற யூத வங்கியாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1850இல் அவர் பழைய ஏற்பாட்டின்மீது பிரமாணம் எடுக்க முன்வந்து, அந்தக் கடைசிச் சொற்களை மட்டும் விட்டார், வெளியேறச் சொன்னார்கள். மறு ஆண்டு டேவிட் சாலமன்ஸ் என்ற மற்றொரு யூதர் அதே சொற்களை விட்டுவிட்டு அவையில் அமர்ந்து வாக்கும் அளித்தார். 500 பவுண்டு அபராதம். யூதர் விடுதலை மசோதாக்களைப் பிரபுக்கள் அவை திரும்பத் திரும்பத் தோற்கடித்தது. ஒவ்வோர் அவையும் தன் பிரமாணத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்ற சமரசத்துக்குப் பின், 1858 ஜூலை 26 அன்று ராத்சைல்டு தலையில் தொப்பியோடு எபிரேய வேதத்தின்மீது பிரமாணம் எடுத்து அமர்ந்தார். 11 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற அந்த இருக்கையில் அவர் ஒருமுறைகூட எழுந்து பேசவில்லை.

பிராட்லா

கடைசியாக வாசலில் நின்றவர் நாத்திகர். 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற சார்லஸ் பிராட்லா, சத்தியம் செய்ய மறுக்கும் கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்களைப் போலத் தாமும் கடவுளை அழைக்காமல் உறுதி கூற அனுமதி கேட்டார். அவை மறுத்தது. சரி, வழக்கமான பிரமாணமே எடுக்கிறேன் என்றார். நாத்திகர் எடுக்கும் பிரமாணம் செல்லாது என்று அதையும் மறுத்தார்கள். வெளியேற மறுத்ததற்காகக் கடிகாரக் கோபுரத்தில் ஓரிரவு அடைத்து வைத்தார்கள். 1881 ஆகஸ்டில் உள்ளே நுழைய முயன்றவரைக் காவலர்கள் தூக்கி வெளியே தள்ளினர், கோட்டு கிழிந்தது. நார்தாம்ப்டன் மக்கள் இடைத்தேர்தல்களில் அவரையே மீண்டும் மீண்டும் அனுப்பினார்கள்.

ஆழ்ந்த பக்தரான பிரதமர் கிளாட்ஸ்டன் 1883இல் உறுதிமொழி மசோதாவுக்கு ஆதரவாகப் பேசிய உரை, சமயப் பற்றுள்ளவர் குடியுரிமைக்காக வாதாடியதற்கு முதல்தரச் சான்று. மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது. எதிர்த்தவர்களில் கத்தோலிக்கக் கர்தினால் மேனிங்கும் ஒருவர். அவருடைய சபையார் அதே அவைக்குள் அனுமதி பெற்று 54 ஆண்டுகளே ஆகியிருந்தன. 1886இல் புதிய அவைத்தலைவர் ஆர்தர் பீல் எவரும் குறுக்கிட இடந்தராமல் பிராட்லாவைப் பிரமாணம் எடுக்கவிட்டார். சமய நம்பிக்கை இல்லாதவரும், பிரமாணம் தம் நம்பிக்கைக்கு முரண் என்பவரும் கடவுள் பெயரின்றி உறுதி கூறலாம் என்ற 1888ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்ததே. 1891 ஜனவரியில் அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, அவரைத் தடுத்த தன் பழைய தீர்மானத்தை அவை குறிப்பேட்டிலிருந்து நீக்கியது.

இந்தியத் தொடர்பு

பிராட்லா 1889இல் பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனவர்களில் லண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர். 1880களில் சென்னையில் வெளிவந்த ‘தத்துவ விவேசினி’ இதழ் பிராட்லாவின் நாத்திக இயக்கத்தோடு நெருங்கிய உறவு வைத்திருந்தது.

இந்திய ஊழியத்தில் மதமோ நிறமோ பிறப்போ ஒருவரைத் தகுதியற்றவராக்காது என்று 1833ஆம் ஆண்டுக் கம்பெனிச் சாசனச் சட்டம் எழுதிவைத்தது. உயர்பதவிகள் நெடுங்காலம் வெள்ளையருக்கே போனது வேறு கதை. நீதிமன்றத்தில் கங்கைநீர், குரான் ஆகியவற்றின்மீது சத்தியம் வாங்கும் வழக்கத்துக்கு மாற்றாக 1840ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிமொழியைக் கொண்டுவந்தது. இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை, கடவுளின் பெயரால் பிரமாணம், உளமார உறுதி என இரு வழிகளையும் ஒரே இடத்தில் வைக்கிறது. தமிழகச் சட்டமன்றத்தில் யார் எதை எடுக்கிறார் என்பதைச் செய்தித்தாள்கள் இன்றும் கவனித்து எழுதுகின்றன.

எஞ்சியவை

அமெரிக்கா 1787இல் எழுதிய அரசமைப்பின் ஆறாம் பிரிவு, கூட்டாட்சிப் பதவி எதற்கும் சமயச் சோதனை கூடாது என்றது. மாநிலங்கள் அதற்குக் கட்டுப்படவில்லை. மேரிலாந்தில் நோட்டரி பதவிக்கு நியமிக்கப்பட்ட ராய் டார்காசோ, கடவுள் நம்பிக்கையை அறிவிக்க மறுத்துத் தொடுத்த வழக்கில்தான், 1961இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த நிபந்தனையை வீழ்த்தியது. டெக்சாஸ், வட கரோலினா முதலிய மாநிலங்களின் அரசமைப்புகளில் அத்தகைய வாசகங்கள் செல்லாக்காசாக இன்றும் கிடக்கின்றன.

பிரிட்டனில் சட்டத்துறையின் உயர்பதவியான லார்டு சான்சலர் பதவி கத்தோலிக்கருக்கு உண்டா என்ற ஐயம் 1974இல்தான் சட்டப்படி தீர்ந்தது. கத்தோலிக்கரை மணந்தவர் அரியணை ஏறக்கூடாது என்ற தடை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. ஆனால் அரியணை ஏறுபவர் கத்தோலிக்கராக இருக்கக்கூடாது என்ற விதி நீங்கவில்லை. 2023 மே 6 அன்று முடிசூடிய மூன்றாம் சார்லஸ், தாம் உண்மையான புராட்டஸ்டன்ட் என்று சட்டம் கேட்கும் அறிவிப்பைச் சொல்லிய பிறகே முடிசூட்டப்பட்டார்.